அடிபட்ட பழைய ரோலெக்ஸ், ஒமேகா: ரிப்பேர் செய்வதா, விட்டுவிடுவதா?

பினாங்கில் பழைய ரோலெக்ஸும் ஒமேகாவும் கண்ணில் படுவதற்குப் பஞ்சமில்லை. லோரோங் குலிட் காலைச் சந்தையில் விரித்த துணியின் மேல் கிடக்கும், அடகுக் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும், கைப்பேசி விளம்பரத்திலும் வரும். கண்ணாடி கீறியிருக்கும், அல்லது வாட்ச் ஓடாது. விலை மட்டும் ஆசை காட்டும். வாங்குபவர் முதலில் கேட்பது, "மெஷின் ஓடுமா?" என்று. கேட்க வேண்டியது, "டயல் எப்படி இருக்கிறது?" என்று. மெஷினுக்கு உதிரிபாகம் கிடைக்கும், கழுவி எண்ணெயிட்டு ஓட வைத்துவிடலாம். டயல் கெட்டுவிட்டால் போன மதிப்பு திரும்பி வராது. அதனால்தான் கீழே உள்ள படிகளில் டயல் முதலிலும் மெஷின் பிறகும் வருகின்றன.

படி 1: கைக்கு வந்ததும் சாவி கொடுக்காதீர்கள்

ஓடுகிறதா என்று ஆட்டிப் பார்க்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். உள்ளே துரு இருந்தால், ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அந்தத் தூள் சக்கரங்களின் நுனியைத் தேய்க்கும். முதலில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெயிலில் நின்றுவிட்டு ஏர்கான் போட்ட பேரங்காடிக்குள் நுழையும்போது கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படிந்தால், உள்ளே ஈரம் இருக்கிறது. அங்கிருந்து வெளியே வரும்போது கண்ணாடியின் வெளிப்பக்கம் ஆவி படிந்தால் கவலை இல்லை, துடைத்தால் போய்விடும். சந்தேகம் தீராவிட்டால் கடையில் ஒரு சோதனை செய்யச் சொல்லலாம். வாட்ச்சை 40 முதல் 45 டிகிரிச் சூட்டில் பத்து இருபது நிமிடம் வைத்து, கண்ணாடி மேல் ஒரு துளி சாதாரணத் தண்ணீர் விட வேண்டும். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்த்தால், ஈரம் இருக்கும் வாட்ச்சில் உள்ளே பனிமூட்டம் தெரியும்.

அரிசிக்குள் புதைப்பது, வெயிலில் காய வைப்பது இரண்டும் வேண்டாம். மூடிய வாட்ச்சிலிருந்து ஈரம் வெளியே வர வழியில்லை. சூட்டில் ஆவியாகி, ஆறும்போது டயல் மேலேயே படியும். பத்து ஃபெரிங்கி கடலில் நனைந்த வாட்ச் என்றால் அன்றைக்கே திறந்தாக வேண்டும். உப்பு நீர் மறுநாள் வரை காத்திருக்காது.

படி 2: பத்து மடங்கு லூப்பும் (கண்ணருகே பிடிக்கும் உருப்பெருக்கி) ஒரு டார்ச்சும்

வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் ஒளிந்திருக்கும் கொப்புளமும் கறையும் அப்போதுதான் நிழல் விழுந்து தெரியும். டயலின் ஓரத்தைச் சுற்றி வாருங்கள், தண்ணீர் முதலில் தொடும் இடம் அதுதான். பிறகு 6 மணிக்குக் கீழே உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். ஆங்கில "T" எழுத்து இருந்தால், இரவில் ஒளிரும் பூச்சு டிரிட்டியம், வருடம் ஆக ஆகத் தேயும் கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டுகள். முப்பது வருட வாட்ச்சில் ஐந்தில் ஒரு பங்குகூட மிச்சம் இருக்காது. அப்படிப்பட்ட டயல் இருட்டில் பளிச்சென்று மின்னினால், யாரோ மேலே புதிதாகப் பூசியிருக்கிறார்கள். முட்களில் உள்ள பூச்சின் நிறமும் டயலில் உள்ள நிறமும் ஒத்துப்போகாவிட்டால், ஏதோ ஒன்று மாற்றப்பட்டிருக்கிறது.

கண்ணாடிக் கீறலுக்கு அஞ்ச வேண்டாம். பழைய வாட்ச்சின் பிளாஸ்டிக் கண்ணாடியில் மேலோட்டமான கீறலை பாலிஷ் களிம்பே போக்கிவிடும். சஃபையர் கண்ணாடி உடைந்திருந்தால் நிலைமை வேறு. அதன் துகள் டயலைக் கீறும், மெஷினுக்குள்ளும் விழும். கண்ணாடியை மட்டும் மாற்றினால் போதாது, முழு சர்வீஸ் தேவைப்படும்.

பட்டை மாட்டும் கால்களையும் பாருங்கள். விளிம்பு கூர்மை போய், சப்பிய மிட்டாய் போல உருண்டிருந்தால், பலமுறை பாலிஷ் போட்டிருக்கிறார்கள். போன உலோகம் போனதுதான்.

படி 3: கையால் சோதனை

ஈரம் இல்லை என்று உறுதியான பிறகு, சாவித் திருகை மெதுவாகப் பத்துச் சுற்று திருப்புங்கள். பிறகு ஒவ்வொரு நிலைக்கும் இழுத்துப் பாருங்கள். இரவு 9 முதல் அதிகாலை 3 வரை காட்டும் நேரத்தில் முட்கள் நின்றால் தேதியை மாற்றாதீர்கள். தேதிச் சக்கரத்தின் பல் அப்போது கோத்திருக்கும், உடைந்துவிடும்.

ஒரு பக்கம் சாய்த்தால் ஓடி, இன்னொரு பக்கம் நின்றால், கீழே விழுந்து, இங்கும் அங்கும் ஆடி நேரம் காக்கும் பேலன்ஸ் வீலின் நுனி வளைந்திருக்கலாம். திடீரென்று ஒரு நாளைக்குப் பல நிமிடம் வேகமாக ஓடினால், காந்தம் ஏறியிருக்கலாம். காந்தத்தை நீக்கும் கருவியில் அது சில விநாடி வேலைதான், இதற்குப் பெரிய பில் கொடுக்காதீர்கள். பேட்டரி வாட்ச்சில் விநாடி முள் நான்கு நான்காகத் தாவினால், பேட்டரி தீரப்போகிறது, அவ்வளவே.

படி 4: டைம்கிராஃபர்

வாட்ச்சின் டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளந்து திரையில் காட்டும் கருவி இது. முழுச் சாவி கொடுத்து, சற்று நேரம் விட்டு, டயல் மேல்நோக்கி இருக்கும்படி கருவியில் வையுங்கள். லிஃப்ட் ஆங்கிள் (மெஷினுக்கு மெஷின் மாறும் ஒரு கோண அளவு) சரியாகக் கொடுக்காவிட்டால் எண் பொய் சொல்லும். ரோலெக்ஸ் 3135 மெஷினுக்கு 52 பாகை. வீச்சு, அதாவது பேலன்ஸ் வீல் ஆடும் கோணம், 270 முதல் 310 பாகை வரை இருந்தால் ஆரோக்கியம். 220க்குக் கீழே போனாலும் திரையில் கோடு நேராக இருந்தால், எண்ணெய் காய்ந்திருக்கிறது என்று நம்பிக்கையோடு இருக்கலாம். கோடே சிதறிப் புள்ளிகளாக இருந்தால், தேய்மானமோ துருவோ இருக்கும், செலவு கூடும். பீட் எரர், அதாவது டிக், டாக் இடைவெளிகளுக்கு இடையிலான வித்தியாசம், 0.8 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லது.

படி 5: பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்

நீங்களே திறக்க வேண்டாம். ரோலெக்ஸ் மூடிக்குத் தனி அச்சுக் கருவி உண்டு, வேறு எதை வைத்துத் திருகினாலும் பற்கள் நசுங்கும். திறந்ததும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாவித் தண்டு நுழையும் இடத்தைச் சுற்றிச் செங்கல் நிறத் தூள் இருக்கிறதா? அந்த இடத்துப் பாகங்களை மாற்றலாம். துரு ஹேர்ஸ்பிரிங் (பேலன்ஸ் வீலோடு இணைந்த மெல்லிய சுருள்) வரை போயிருந்தால் கணக்கே வேறு. மூடியின் உட்பக்கம் வட்டமாகக் கீறியிருந்தால், 3135இல் ரோட்டரின் (கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடை) அச்சு தேய்ந்து உரசியிருக்கிறது என்று பொருள், அது சரிசெய்யக்கூடியது. ரோலெக்ஸின் சப்மரினர் 16610 மாடலுக்குள் 3135 தவிர வேறு மெஷின் இருந்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

படி 6: கணக்கு

இரண்டு இடங்களில் விலை கேளுங்கள். அசல் பாகமா, மாற்றிய பாகத்தைத் திருப்பித் தருவார்களா, அழுத்தச் சோதனை உண்டா, உத்தரவாதம் எத்தனை மாதம் என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். ரோலெக்ஸும் ஒமேகாவும் முழு சர்வீஸுக்கு 2 ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. ஆனால் பிராண்ட் மையத்தில் போலி அல்லது வெளிப் பாகம் கலந்த வாட்ச்சை ஏற்க மறுக்கலாம்.

ரிப்பேருக்குப் பின் கிடைக்கக்கூடிய விலையிலிருந்து இப்போதே விற்றால் கிடைக்கும் விலையைக் கழியுங்கள். ரிப்பேர் செலவு அந்த மீதிக்குள் அடங்க வேண்டும். கணக்குக்காக: சரியான பின் 8,000 வெள்ளி, இப்போது 4,500, மீதி 3,500. செலவு 1,800 என்றால் செய்யலாம். அதே வாட்ச்சின் டயலில் கறை இருந்து, சரியான பின்னும் 5,500தான் போகும் என்றால் மீதி 1,000. அதே 1,800 செலவு இப்போது நஷ்டம். திறந்த பிறகு புதிதாக ஏதாவது கிளம்பும், அதற்காகச் செலவோடு கால் பங்கு சேர்த்தே பாருங்கள்.

நீங்கள் வாங்கிய விலையை இதில் சேர்க்காதீர்கள். 6,000 கொடுத்துவிட்டோமே என்ற வருத்தம்தான் பலரை இன்னும் 2,000 போட வைக்கிறது.

அப்பாவோ தாத்தாவோ கட்டிய வாட்ச்சுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அதைக் கழுவி, எண்ணெயிட்டு, ரப்பர் வளையங்களை மாற்றி ஓட வைத்தாலே போதும். கொடுக்கும்போது, "பாலிஷ் வேண்டாம், டயலையும் முட்களையும் தொட வேண்டாம்" என்று ரசீதில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கடையை விட்டு வாருங்கள்.