நாய்க்கு யார் கூலி கொடுக்கிறார்கள்?

கூரியர்காரர் வாசலில் வண்டியை நிறுத்துகிறார். நாய் பாய்ந்து போய் கேட் கம்பியில் முன்கால்களை வைத்துக் குரைக்கிறது. அவர் பார்சலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். நமக்கு இதில் ஒன்றுமில்லை. நாயின் கணக்கு வேறு: குரைத்தேன், ஆள் ஓடிவிட்டான். பால்காரர், பேப்பர் போடுகிறவர், சிலிண்டர் கொண்டுவருகிறவர் என்று ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை இந்தக் கணக்குச் சரியாக வந்துவிடுகிறது. சில மாதங்களில் ‘எங்க நாய் யாரையும் உள்ளே விடாது’ என்று சொல்லிக்கொள்ளும் நிலை. யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை, அது பாட்டுக்குக் கற்றுக்கொண்டது.

நாய் ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்கிறது என்றால் அதற்கு எங்கிருந்தோ கூலி வருகிறது. தின்பண்டம் மட்டும் கூலி இல்லை. திரும்பிப் பார்ப்பது, தள்ளிவிடுவது, ‘ஏய் சும்மா இரு’ என்று கத்துவதுகூட, தனியாகக் கிடந்து சலித்துப்போன குட்டிக்குக் கவனிப்புதான். ஆகவே ஒரு பழக்கத்தை மாற்ற நினைத்தால் முதலில் கூலி கொடுக்கும் ஆளைக் கண்டுபிடியுங்கள். சாப்பிடும்போது நாய் பிடுங்குகிறது என்று புலம்பும் வீடுகளில் பெரும்பாலும் அந்த ஆள், யாருக்கும் தெரியாமல் தோசைத் துண்டைக் கீழே போடும் தாத்தா.

ஒரு நொடிக்குள்

கூலி சரியான நேரத்தில் போய்ச் சேர வேண்டும். ‘உக்காரு’ என்கிறோம், உட்காருகிறது. டப்பாவைத் திறந்து துண்டை எடுப்பதற்குள் எழுந்து வந்து கையை முகர்கிறது, அப்போது கொடுக்கிறோம். இப்போது எழுந்து வந்ததற்குக் கூலி கொடுத்திருக்கிறோம். இந்த இடைவெளியை அடைக்கத்தான் ஒரு அடையாளச் சொல் தேவை. பேச்சில் அடிக்கடி வராத, சின்னச் சொல்லாக இருக்கட்டும். ‘சபாஷ்’ நன்றாக வேலை செய்யும். ‘சரி’ வேண்டாம், அதை நாள் முழுக்கப் போனில் சொல்லிக்கொண்டிருப்போம்.

பழக்குவது எளிது. இருபது துண்டுகளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ‘சபாஷ்’ என்று சொல்லி, சொல்லி முடித்த பிறகு ஒரு துண்டைக் கொடுங்கள். கை முதலில் அசைந்தால் நாய் கையைத்தான் பார்க்கும், சொல் காதில் ஏறாது. காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, இரண்டு மூன்று நாள். அது வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்லிப் பாருங்கள். கழுத்து வெடுக்கென்று திரும்பினால் சொல் ஏறிவிட்டது.

துண்டு பொட்டுக்கடலை அளவு இருந்தால் போதும். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி அல்லது முட்டை. டீக்கடைப் பொறைக்கு வீட்டுக்குள் மதிப்பு உண்டு; தெருவில் பூனை ஓடும்போது அதற்கு மதிப்பே இல்லை, அங்கே கோழி வேண்டும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் எல்லாம் நாய்க்கு நஞ்சு, அதனால் குழம்பிலிருந்து எடுத்த கறித்துண்டு கூடாது. பயிற்சித் துண்டுகள் அன்றைய சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொற்களை வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்வதும் முக்கியம். பையன் ‘சிட்’ என்பான், அம்மா ‘உக்காரு’ என்பார், அப்பா ‘டவுன்’ என்பார், பாட்டி ‘அடங்கு’ என்பார். இது நாய்க்கு நான்கு பாடம்.

ஒண்ணுக்கு, ரெண்டுக்கு

புதுக்குட்டி விஷயத்தில் வீடு நொந்துபோவது இங்கேதான். குட்டியின் வயதை மாதத்தில் எடுத்து ஒன்றைக் கூட்டினால், அதிகபட்சம் அத்தனை மணி நேரம் அடக்கும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. அதுவும் தூங்கும்போது. விழித்து ஆடிக்கொண்டிருக்கும்போது அரை மணி நேரமே பெரிது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட பத்து இருபது நிமிடத்தில், விளையாட்டின் நடுவே திடீரென மூக்கைத் தரையில் வைத்து வட்டமடிக்கும்போது, இரவு படுக்கும் முன் வெளியே கொண்டுபோக வேண்டும்.

ஒரே இடத்துக்குக் கயிற்றில் பிடித்துக் கூட்டிப்போங்கள். அடுக்குமாடி வீடு என்றால் பால்கனியில் மண் நிரப்பிய அகலத் தட்டு போதும். ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள், கொஞ்ச வேண்டாம். போய் முடித்ததும் அந்த இடத்திலேயே ‘சபாஷ்’, ஒரு துண்டு. வீட்டுக்குள் வந்து கொடுத்தால் அது உள்ளே வந்ததற்கான கூலி. இன்னொன்று: போன உடனே உள்ளே இழுத்து வராதீர்கள். ‘போனால் வெளியே இருப்பது முடிந்துவிடும்’ என்று புரிந்துகொண்ட குட்டி அடக்கிவைத்துக்கொண்டு, உள்ளே வந்து மிதியடியில் போகும். முடித்தபின் இரண்டு நிமிடம் விளையாடுங்கள். போகவே இல்லையா? உள்ளே வந்து மடியிலோ சின்ன அடைப்பிலோ வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்தில் மறுபடி கூட்டிப்போங்கள். அந்தக் கால் மணி நேரம் வீட்டில் சுற்றவிட்டால் பாடம் கெட்டது.

வீட்டுக்குள் போய்விட்ட குட்டியின் மூக்கை அந்த ஈரத்தில் தேய்ப்பதால் நாய் கற்பது ஒன்றே: மனிதர் முன்னால் போகக் கூடாது. பிறகு சோபாவுக்குப் பின்னால் போகும், வெளியே கூட்டிப்போனாலும் நம் கண் முன்னால் போகாது. ‘தப்புன்னு அதுக்கே தெரியுது, முகத்தைப் பாருங்க’ என்பார்கள். 2009-இல் அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் அந்த முகத்தைத்தான் சோதித்தார். தப்பு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பில்லை. திட்டு விழும்போதுதான் அது அதிகமாக வந்தது. குற்ற உணர்ச்சி என்று நாம் படிப்பது, நம் குரலைக் கேட்டுப் பம்முவது.

தரையைத் துடைக்க பினாயில் வேண்டாம். நம் மூக்குக்கு நாற்றம் போய்விடும், நாய் மூக்குக்குப் போகாது. ஈரத்தோடு நக்கினால் உடம்புக்கும் கெடுதல். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கிளீனர் நல்லது. இல்லையென்றால் சோப்புத் தண்ணீரில் துடைத்து, பிறகு தண்ணீர் கலந்த வினிகரால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள்.

கையைக் கடிக்கிறது

குட்டிக்கு 28 பால் பற்கள், ஊசி மாதிரி. மூன்றரை மாதம்போல விழத் தொடங்கி, ஆறேழு மாதத்தில் 42 பற்கள் நிற்கும். அதுவரை கடிக்கத்தான் செய்யும். கையை வெடுக்கென இழுத்தால் கை எலியாகிவிடும், துரத்தும். கையை அசைக்காமல் நிறுத்துங்கள், வாயில் முறுக்கிய ஈரத்துணியைக் கொடுங்கள். விடவில்லை என்றால் எழுந்து அரை நிமிடம் வேறு அறைக்குப் போய்விடுங்கள். மாலை ஏழு மணிக்கு மட்டும் பேய் பிடித்ததுபோல ஆடினால் அது தூக்கம் போதாத குட்டி. ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம்வரை தூங்க வேண்டிய உயிர் அது. அமைதியான மூலையில் படுக்கவையுங்கள்.

தோல் கிழிந்தால் விளையாட்டுக் கடி என்று விடக்கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரி. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் கூடாது. குட்டிக்கு ரேபிஸ் ஊசி மூன்று மாத வயதில். பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில்.

‘வா’ என்ற சொல்லைக் கெடுக்காதீர்கள்

கற்றுக்கொடுப்பதில் உயிர் காக்கும் சொல் இதுதான். வீட்டில் அதிகம் கெட்டுப்போவதும் இதுதான். குளிப்பாட்ட ‘வா’, கட்டிப்போட ‘வா’, மாத்திரை கொடுக்க ‘வா’. பத்து நிமிடம் தெருவில் ஓடிவிட்டுத் திரும்பி வந்த நாய்க்கு ஓர் அடி. நாய் முட்டாள் இல்லை, வருவதை நிறுத்திவிடும். குளியலுக்கு நீங்களே போய்க் கூட்டி வாருங்கள். ‘வா’ என்றால் நல்லது மட்டும் நடக்கட்டும்.

கூடத்தில் இரண்டடி தூரத்திலிருந்து தொடங்குங்கள். பெயர், ‘வா’, ஒரே ஒரு தடவை. வந்ததும் சபாஷ், துண்டு, கழுத்துப்பட்டையைத் தொடுதல், மறுபடி விட்டுவிடுதல். அந்த ‘விட்டுவிடுதல்’ முக்கியம்: பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை திரும்ப ஆடப் போகவிட வேண்டும். ஒரு வாரத்தில் மொட்டைமாடி, பிறகு பத்து மீட்டர் கயிற்றுடன் மைதானம். வரவில்லை என்றால் கத்திக்கொண்டே இருக்காமல், எதிர்ப்பக்கம் ஓடுங்கள், பின்னால் வரும். நாம் அதைத் துரத்தினால் அதற்கு விளையாட்டு.

சிப்பிப்பாறை, கன்னி இன நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கண்ணால் பார்த்துத் துரத்துவதற்கென்றே வளர்த்த இனங்கள். முயலோ பூனையோ ஓடிவிட்டால் காது அடைத்துக்கொள்ளும். வேலியில்லாத இடத்தில் கயிற்றைக் கழற்ற வேண்டாம். ராஜபாளையம் குட்டி கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் பிடிவாதம் என்று முடிவு கட்டும் முன், அது பார்க்காத பக்கமிருந்து கைதட்டிப் பாருங்கள். இந்த வெள்ளை இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. செவிட்டு நாய்க்குக் கைச்சைகையில் எல்லாம் சொல்லித்தரலாம்.

உறுமலை அடக்காதீர்கள்

வாலாட்டுவதெல்லாம் சந்தோஷம் இல்லை. உடம்பே நெளிய, வால் தளர்ந்து அகலமாக ஆடினால் சந்தோஷம். வால் கம்பிபோல் நிமிர்ந்து, நுனி மட்டும் வேகமாகத் துடித்தால் விலகி நில்லுங்கள். குழந்தை கட்டிப்பிடிக்கும்போது நாய் முகத்தைத் திருப்புகிறதா, பசியில்லாமல் நாக்கால் உதட்டை நக்குகிறதா, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிகிறதா, அசையாமல் உறைந்துவிட்டதா? குழந்தையை மெதுவாக விலக்குங்கள். போட்டோ எடுக்கும் நேரமில்லை அது.

இவற்றை யாரும் கவனிக்காதபோதுதான் உறுமல் வரும். உறுமியதற்கு அடித்தால், பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். ‘திடீர்னு கடிச்சிடுச்சு’ என்ற நாய்களில் பல இப்படி உருவானவை. மல்லாக்கப் போட்டு அழுத்தி ‘நான்தான் தலைவன்’ என்று காட்டச் சொல்லும் யோசனையும் இதே வகை. அது, 1940களில் அடைப்பில் வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதப்பட்டதிலிருந்து வந்தது. அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய் தந்தை பிள்ளைகள்தான் என்று 1999-இல் எழுதித் திருத்திக்கொண்டார்.

தட்டின் அருகே போனால் உடம்பை விறைக்கிற நாயா? தட்டைப் பிடுங்கிச் சோதிக்காதீர்கள். அது விறைக்காத தூரத்தில் நின்று கோழித்துண்டு ஒன்றை வீசிவிட்டு விலகுங்கள். நாள் ஆக ஆக அரை அடி நெருங்கலாம். நீங்கள் வந்தால் தட்டில் ஏறும், குறையாது என்ற கணக்கு அதற்கு வர வேண்டும். ஏற்கெனவே கடித்த நாய் என்றால் இதைத் தனியாக முயலாமல் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

மறுபடி கேட்டுக்கு

குரைப்பதை நிறுத்த, ஆள் ஓடினான் என்ற கூலியை எடுக்க வேண்டும். வெளியே தெரியாதபடி கேட்டின் கீழ்ப்பாதியைத் தகரத்தாலோ தட்டியாலோ மறையுங்கள். கேட்டிலிருந்து பத்தடி தள்ளி ஒரு சாக்கு விரித்து, அதில் போய் உட்கார்ந்தால் துண்டு என்று முதலில் யாருமே வராதபோது பழக்குங்கள். பிறகு வீட்டு ஆள் ஒருவரை வெளியே அனுப்பி அழைப்புமணியை அடிக்கச் சொல்லுங்கள். மணி, உடனே சாக்கின்மேல் துண்டு. நாளைக்குப் பத்து முறை. மணிச்சத்தம் கேட்டதும் சாக்கைப் பார்க்கத் தொடங்கிய பிறகே நிஜ ஆள்கள். நாய் சாக்கில் உட்கார்ந்திருக்கும்வரை கூரியர்காரர் நிற்கட்டும், நீங்கள் துண்டு போட்டுக்கொண்டே இருங்கள்.

இடையில் ஒன்று நடக்கும். பழைய கூலி வராமல் போனதும் ஒரு வாரம்போலக் குரைப்பு முன்னைவிட அதிகமாகும். பணம் போட்டும் பொருள் விழாத மெஷினை நாமும் தட்டத்தானே செய்வோம். பெரும்பாலானவர்கள் ‘இது வேலைக்காகாது’ என்று விட்டுவிடுவது இந்த வாரத்தில்தான். அப்போது விட்டுக்கொடுத்தால், இன்னும் பலமாகக் குரைத்தால் பலிக்கும் என்பதை நாய் கற்றுக்கொண்டுவிடும், அதை அவிழ்க்க இரண்டு மடங்கு நாளாகும். தாத்தாவின் தோசைத் துண்டுக்கும் இதே கணக்குதான்; அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.