பூனைக்குட்டியைக் காப்பாற்றும் அவசரத்தில் நடக்கும் தவறுகள்

மாடிப்படிக்கு அடியில் பூனைக்குட்டி கத்துவது கேட்டால் ஓடிப்போய்த் தூக்கிவிடுகிறோம். முதல் தவறு பெரும்பாலும் அங்கேயே நடக்கிறது. பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும் என்று பாட்டிமார் சொல்வார்கள். ஏழோ மூன்றோ, விஷயம் உண்மைதான். ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகிற தாய், ஒரு குட்டியைப் பாதி வழியில் வைத்துவிட்டு மற்றதை எடுக்கப் போயிருக்கும். இரை தேடிப் போனாலும் திரும்பிவரச் சில மணி நேரம் ஆகும். குட்டிகள் வயிறு நிரம்பி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தூங்கினால் தாய் பக்கத்தில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தள்ளி நின்று பாருங்கள். சுற்றிக் கூட்டம் போட்டால் அது வராது. நாய், வண்டி, மழை என்று ஆபத்து இருந்தால் மட்டும் பக்கத்திலேயே பத்திரமான மூலைக்கு நகர்த்துங்கள். மனித வாசனை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று பயப்பட வேண்டாம், அப்படி ஆவதில்லை.

தாய் நிஜமாகவே இல்லை என்று தெரிந்துவிட்டது. அப்போதும் கையில் எடுத்ததும் பால் ஊட்டாதீர்கள். சுண்டுவிரலைக் குட்டியின் வாய்க்குள் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஒரு சொட்டுப் பால்கூடத் தரக் கூடாது. உடம்பு குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது, விழுங்கவும் தெம்பு இருக்காது. பால் நுரையீரலுக்குள் போய்விடும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, மெதுவாகச் சூடேற்றுங்கள். அப்புறம்தான் பால். அதுவும் பாக்கெட் பால் வேண்டாம், பேதி பிடுங்கும். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால் பவுடரைக் கலக்குங்கள். கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டுவது இன்னொரு ஆபத்து. தாயிடம் குடிப்பது போல வயிறு கீழே இருக்கும்படி வைத்து, தலையைக் கொஞ்சம் தூக்கினாற்போல ஊட்ட வேண்டும். சுமார் மூன்று வாரம் வரை குட்டியால் தானாக மூத்திரம் போக முடியாது. தாய் நக்கிவிடுகிற வேலையை, வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் பின்பக்கம் மெல்லத் தடவி நாம் செய்ய வேண்டும். பாலைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்துவிட்டு இதை மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது, வீட்டு வைத்தியம். இதில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். குரோசின், டோலோ என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அதேதான். நம் ஈரல் அந்த மருந்தை உடைத்து வெளியே தள்ளிவிடும். பூனையின் ஈரலில் அதற்கான நொதி போதுமான அளவு இல்லை. சில மணி நேரத்தில் ஈறு சாம்பலும் பழுப்புமாக மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை போதும், உயிர் போய்விடும். யாராவது கொடுத்துவிட்டால் ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். விஷமுறிவு மருந்து இருக்கிறது, ஆனால் நேரம் முக்கியம். புழு வைத்த புண்ணில் பினாயில் ஊற்றுவதும் பூச்சி உருண்டையைப் பொடித்துத் தூவுவதும் இதே ரகம். பூனை உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும், மேலே போட்டதெல்லாம் உள்ளே போகும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தையும் பூனைக்குப் போடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை வரவழைக்கும்.

‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடக் கூடாதவை சில உண்டு. கடுவன் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் மூத்திரம் வரவில்லை என்றால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அடைப்பு ஓரிரு நாளில் உயிரை வாங்கிவிடும். ஒருநாள் முழுக்க எதுவும் தின்னாத பூனையையும் காட்டிவிடுங்கள். பணத்துக்குப் பயந்து நிற்காதீர்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 முதல் இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் சிகிச்சை உண்டு. தனியாரை விடச் செலவு குறைவு. காலையிலேயே போய்விடுங்கள். மூடி உள்ள கூடையில் கொண்டுபோங்கள். மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனால், ஒரு ஹாரன் சத்தத்தில் பூனை நடுரோட்டில் குதித்துவிடும். பிடிக்கும்போது கடித்தோ பிராண்டியோ விட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடி ஊசிக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம்.

வாந்தியும் பேதியுமாகக் குட்டி செத்துப்போன வீட்டுக்கு, மனசு ஆறட்டும் என்று அடுத்த வாரமே இன்னொரு குட்டி வரும். பத்தே நாளில் அதுவும் போய்விடும். ‘நமக்குப் பூனை ராசி இல்லை’ என்று அந்த வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். ராசி இல்லை, வைரஸ். பேன்லூக்கோபீனியா என்கிற அந்த நோயின் கிருமி தரையிலும் துணியிலும் ஒரு வருஷம் வரை உயிரோடு இருக்கும். பினாயிலுக்கு அசையாது, திரவ பிளீச் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, தரையில் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். தட்டு, பாய், துணியெல்லாம் தூக்கிப்போட்டுவிடலாம். அந்த வீட்டுக்குத் தடுப்பூசி முடித்த பெரிய பூனைதான் சரி. ஊசியும் ஒன்றோடு நின்றுவிடக் கூடாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை போட வேண்டும். தெருவிலிருந்து புதிதாக எடுத்த பூனையை வீட்டுப் பூனையோடு சேர்க்காமல் இரண்டு வாரமாவது தனி அறையில் வையுங்கள்.

சோறு வைப்பதோடு நிறுத்திக்கொள்வதும் தவறுதான். நான்கு மாதத்திலேயே பெட்டைக்குச் சினை பிடிக்கலாம், இரண்டு மாதத்தில் குட்டி போடும், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகலாம். ‘ஒரு தடவையாவது குட்டி போடட்டும்’ என்பதில் பூனைக்கு எந்த நன்மையும் இல்லை. முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்தால் மடிப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும்.

கடைசியாக, வீடு தேடும் வேலை. கண் திறந்து பல் முளைத்ததும் ‘அழகான குட்டி, இலவசம்’ என்று வாட்ஸப் ஸ்டேட்டஸ் போட்டு, முதலில் கேட்டவர் கையில் கொடுத்துவிடுகிறோம். எட்டு வாரமாவது தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்கட்டும். கேட்கிறவரிடம் சங்கடப்படாமல் விசாரியுங்கள். வாடகை வீடா, ஓனர் ஒத்துக்கொண்டாரா? பால்கனிக்கு வலை இருக்கிறதா? ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? பிறந்தநாள் பரிசாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். நோயோ கூச்சமோ, பூனையின் குறையை மறைக்காமல் சொல்லுங்கள். போன முதல் நாளே வீடு முழுக்க உலவவிட வேண்டாம், ஒரு அறையில், கழிவு போவதற்கான மண் தட்டோடு சில நாள் இருந்து பழகட்டும் என்றும் சொல்லிக் கொடுங்கள்.

வீட்டில் ஒரு பெண் கர்ப்பமானால் பூனையைத் திருப்பித் தர வருகிறார்கள். பூனையின் கழிவு வழியாகத் தொற்றி, வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்கிற கிருமி பற்றிய பயம்தான் காரணம். அந்தக் கிருமி பூனையின் கழிவு வெளியே வந்து ஒருநாளாவது ஆன பிறகே தொற்றும் நிலைக்கு வரும். மண் தட்டை வேறு யாராவது தினமும் சுத்தம் செய்து, பச்சை இறைச்சி போடாமல், வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் பூனையை அனுப்ப வேண்டியதில்லை. இதை எடுத்துச் சொல்லுங்கள். அப்படியும் வேண்டாம் என்று கொண்டுவந்தால் திட்டாமல் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டினியில் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் பூனையைத் திருப்பித் தருகிறவர்கள் சட்டத்துக்குப் பயந்து தருவதில்லை. திட்டு விழும் என்று தெரிந்தால் சாக்கில் கட்டி மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கொடுக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்: ‘வைத்துக்கொள்ள முடியாமல் போனால், எந்த நேரமானாலும் எனக்குத்தான் முதலில் போன் செய்ய வேண்டும்.’