குளத்துச் சீமைக்கருவேலத்தைத் தூரோடு ஒழிக்கும் முறை

சீமைக்கருவேலத்தை வெட்டினால் மட்டும் சாகாது. தரைக்குச் சற்றுக் கீழே தூரில், அதாவது அடிமரம் வேரோடு சேரும் இடத்தில், துளிர் மொட்டுகள் உறங்கிக் கிடக்கின்றன. ஒரு தண்டை வெட்டினால் அடுத்த மழைக்கு நாலைந்து தண்டு கிளம்பும். கரிமூட்டத்துக்கு வெட்டுகிறவர்களுக்கு அது லாபம். குளத்தை மீட்க நினைக்கிறவர்களுக்கு அதே வெட்டு புதரை இன்னும் அடர்த்தியாக்கிவிடும்.

முதலில் மரத்தை அடையாளம் காணுங்கள். நெல்லைக் குளங்களில் நாட்டுக்கருவேலமும் உடை மரமும் சீமைக்கருவேலத்தோடு கலந்தே நிற்கும். சீமைக்கருவேலத்தின் பூ வெளிர்மஞ்சள் கதிர், நெற்று கிட்டத்தட்ட நேராக இருக்கும். நாட்டுக்கருவேலத்தில் பூ மஞ்சள் உருண்டை, நெற்று விதைக்கு விதை இடுங்கியிருக்கும். குடை விரித்தாற்போல் நிற்கும் உடை மரத்துக்கு நெற்று சுருண்டு கிடக்கும். இந்த இரண்டும் நம் மண்ணின் மரங்கள். வெட்டு தொடங்கும் முன்பே இவற்றுக்குச் சுண்ணாம்பு அடித்து வையுங்கள். வேலை வேகத்தில் அரிவாளுக்கு வித்தியாசம் தெரியாது.

குளம் நீர்வளத் துறையுடையதோ ஊராட்சியுடையதோ, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கூந்தன்குளம் சரணாலயத்திலும் களக்காடு–முண்டந்துறை காப்பகத்திலும் வனத்துறை சொல்லாமல் எதையும் தொடக்கூடாது. பறவை கூடு கட்டிய மரம் எந்தக் குளத்தில் இருந்தாலும் குஞ்சு பறக்கும்வரை அதை விட்டுவிடுங்கள்.

கட்டைவிரல் பருமன் வரையுள்ள கன்றுகளுக்கு மருந்தே வேண்டாம். மண் ஈரமாக இருக்கும்போது மம்பட்டியால் ஒரு சாண் ஆழம் தோண்டி, மொட்டுப் பகுதிக்குக் கீழே வேரை அறுத்து எடுத்தால் போதும்.

பெரிய தூருக்குத்தான் களைக்கொல்லி. 2022 அக்டோபரில் வந்த மத்திய அரசு ஆணைப்படி, கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர் மட்டுமே கையாளலாம், அவர்களை அமர்த்துங்கள். 41 சதவீதக் கிளைபோசேட் கரைசல் ஒரு பங்கு, தெளிந்த தண்ணீர் ஒரு பங்கு, பூசிய தூர் கண்ணுக்குத் தெரியக் கொஞ்சம் சாயம். ராதாபுரம், நாங்குநேரிப் பக்கத்து உப்புத் தண்ணீரும் கலங்கல் தண்ணீரும் ஆகாது. சுண்ணாம்புச் சத்தும் மண்ணும் மருந்தைப் பிடித்துக்கொண்டு செயலிழக்கச் செய்யும்.

தூரைத் தரையோடு ஒட்ட, மட்டமாக வெட்டுங்கள். மரத்தூளையும் புழுதியையும் துணியால் துடைத்து, ஐந்து நிமிடத்துக்குள் பிரஷ்ஷால் பூசுங்கள். தாமதித்தால் வெட்டுவாய் காய்ந்து மருந்து உள்ளே இறங்காது. தூரின் நடுவே இருக்கும் வைரத்தில் பூசுவது வீண்; அது உயிரில்லாத கட்டை. பட்டையை ஒட்டி உள்ளே ஈரமாக ஒரு வளையம் தெரியும், அதுதான் மருந்தை வேருக்குக் கொண்டுபோகிற வழி. வளையம் முழுக்க நனைய வேண்டும், மண்ணில் வழியக்கூடாது. ஒரு தூரில் பல தண்டு இருந்தால் ஒவ்வொன்றிலும் பூச வேண்டும். விட்டுப்போன தண்டின் பக்கம் மறுபடி துளிர்க்கும். ஒருவர் வெட்ட, ஒருவர் பின்னாலேயே பூசிக்கொண்டு வருவதே சரி. ரப்பர் கையுறை, கண்ணாடி, பூட்ஸ் கட்டாயம்.

இலைமேல் தெளிப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பணகுடி, கயத்தாறு பக்கம் ஆடிக் காற்றில் தெளித்தால் பக்கத்து வாழையும் கருகும். சில கரைசல்களில் சேர்க்கும் ஒட்டுத்திரவம் மீனுக்கும் தலைப்பிரட்டைக்கும் விஷம். அதனால் தண்ணீர் நிற்கும் இடத்தில் பிரஷ்ஷும் வேண்டாம். கரையில் தை, மாசியிலும், தண்ணீர் தேங்கும் உள்வாயில் அது வற்றியபின் பங்குனி, சித்திரையிலும் பூசி, கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்குமுன் முடித்துவிடுங்கள். பூசியபின் ஆறு மணி நேரமாவது மழை படக்கூடாது. டீசல், மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் குளத்து மண்ணையே கெடுக்கும். பிரஷ்ஷையும் கேனையும் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவாதீர்கள்.

மூன்று மாதம் கழித்துத் தூர்தூராகப் பாருங்கள். துளிர்த்தவற்றைப் புதிதாகச் சீவி மறுபடி பூசுங்கள். நெற்றைத் தின்ற ஆடுமாட்டின் சாணத்தில் விதை முளைத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் கன்றுகளைப் பிடுங்க ஆள் ஏற்பாடு வேண்டும். காலி இடத்தில் கரையோரம் மருதம், புங்கம், பனை வையுங்கள்.