கையெழுத்துக் கேட்பதற்கு முன்னால்: கறுப்பினச் சபைக் குடும்பங்களிடம் செய்யக் கூடாதவை

அமெரிக்க மருத்துவமனைகளில் நம்மவர்கள் நிறையப் பேர் டாக்டராக, நர்ஸாக இருக்கிறார்கள். சாகும் தறுவாயில் ஒருவர் இருக்கும் கறுப்பினக் குடும்பத்திடம் "மூச்சு நின்றால் சிபிஆர் (நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயல்வது) வேண்டாம்" என்ற படிவத்தை நீட்டி, அவர்கள் தயங்கினால் "விவரம் புரியவில்லை" என்று முடிவுகட்டுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. அலபாமாவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, அரசின் பொதுச் சுகாதாரத் துறையே சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு, அதைக் குணமாக்கும் பெனிசிலின் வந்த பிறகும் மருந்து கொடுக்காமல் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டதே 1997இல்தான். இதைக் கேட்டு வளர்ந்தவரிடம் "சிகிச்சையை நிறுத்தலாம்" என்று ஆரம்பித்தால், நம்மைக் கைகழுவப் பார்க்கிறார்கள் என்றுதானே தோன்றும்? வலிக்கு என்ன கொடுப்போம், ராத்திரி மூச்சுத் திணறினால் யார் வருவார்கள், முதலில் அதைச் சொல்லுங்கள்.

ஹாஸ்பிஸ் (கடைசிக் காலத்தில் வலியைத் தணிக்கும் பராமரிப்பு) பற்றியும் பூசி மெழுகாதீர்கள். முதியோருக்கான அரசு காப்பீடான மெடிகேரின் விதிப்படி, ஹாஸ்பிஸில் சேர்ந்தால் சாவை நெருங்கவைத்த அந்த நோயைக் குணமாக்கும் சிகிச்சையை விட்டுவிட வேண்டும், ஆனால் மனம் மாறினால் எந்த நாளிலும் விலகிக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அப்புறம், "கடவுள் அற்புதம் செய்வார்" என்று சொல்பவரோடு வாதாடாதீர்கள். இந்தக் கிறிஸ்தவச் சபைகளில் அடக்க ஆராதனைக்கே 'வீடு திரும்புதல்' என்ற பொருளில்தான் பெயர், சாவைப் பற்றிப் பேசும் மொழி அவர்களிடம் தலைமுறைகளாக இருக்கிறது. என்ன கேட்டு ஜெபிக்கிறீர்கள் என்று கேளுங்கள். வலி தெரியக் கூடாது, சொந்தக் கட்டிலில் படுக்க வேண்டும் என்று பதில் வந்தால் திட்டத்தில் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது.

கையெழுத்து வாங்கித் தர மட்டும் கடைசி நாளில் பாஸ்டரைக் கூப்பிடுவது அவரையும் சங்கடத்தில் தள்ளும். பல சபைகளில் வெள்ளைச் சீருடையில் நர்ஸ் ஊழியக் குழு உண்டு, எல்லாரும் நன்றாக இருக்கும்போதே ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

சரி, நோயாளியால் பேச முடியாதபோது அவருக்காக முடிவெடுப்பது யார்? தினமும் சாப்பாடு கொண்டுவந்து, குளிப்பாட்டிவிட்ட சபைச் சகோதரியாக இருக்கலாம். ஆனால் எழுதி வைக்காவிட்டால், பெரும்பாலான மாநிலச் சட்டங்கள் கணவன் மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் என்றுதான் வரிசையாகத் தேடும். பத்து வருடமாகப் பேசாத மகன் வந்து நிற்பார், அந்தச் சகோதரி வராந்தாவில் நிற்பார். அதனால் மற்ற படிவங்கள் தாமதமானாலும் பிரதிநிதியை நியமிக்கும் படிவத்தை முதலில் முடியுங்கள். அதற்கு வக்கீல் தேவையில்லை, சாட்சிகள் எத்தனை பேர் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரு நகல் அந்தச் சகோதரியின் கைப்பையிலேயே இருக்கட்டும்.