டெஸ்டிங்கில் தேங்கிய வேலையைக் கன்பான் முறையில் சரிசெய்தோம்

எங்கள் மென்பொருள் டீமில் ஸ்பிரிண்ட் (குறுகிய கால வேலைச் சுற்று), தினசரி மீட்டிங் எல்லாம் ஒழுங்காக நடந்தன. ஆனாலும் கோடு எழுதி முடித்த வேலைகள் டெஸ்டிங்குக்காக வரிசையில் கிடந்தன. ரிலீஸ் தள்ளிக்கொண்டே போனது.

வழி டொயோட்டாவின் உற்பத்தி முறையில் கிடைத்தது. அந்த முறையை உருவாக்கிய தாயிச்சி ஓனோ பட்டியலிட்ட 7 வகை விரயங்களில் முதன்மையானது, தேவைக்கு மேல் உற்பத்தி செய்வது. தொழிற்சாலையில் அது கிடங்கில் குவிந்து கண்ணுக்குத் தெரியும். மென்பொருளில் மெர்ஜ் ஆகாத பிராஞ்சுகளாக, அதாவது முதன்மைக் கோடில் இன்னும் சேர்க்காத தனிப் பிரதிகளாக, ஒளிந்திருக்கும். அதனால்தான் இங்கே ஆபத்து அதிகம் என்பேன்.

சரி, என்ன செய்தோம்? வேலைகளைக் கட்டம் கட்டமாகக் காட்டும் கன்பான் போர்டில், ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை வேலை இருக்கலாம் என்று உச்சவரம்பு வைத்தோம். டெஸ்டிங் நிரம்பிவிட்டால் யாரும் புது வேலை எடுக்கக் கூடாது. டெவலப்பரும் டெஸ்டிங்குக்குக் கைகொடுக்க வேண்டும். சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதி தெளிவானது: கையில் உள்ள வேலையை, முடிக்கும் வேகத்தால் வகுத்தால் ஒரு வேலைக்கு ஆகும் சராசரி நேரம் வரும். வேகம் அப்படியே இருக்க, கையிருப்பு குறைந்தால் நேரமும் குறையும். எங்களுக்கும் குறைந்தது.

அப்புறம், பில்டு உடைந்தால், அதாவது எல்லோருடைய கோடையும் சேர்த்து மென்பொருளாக்கும்போது பிழை வந்தால், எல்லோரும் நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்கிறோம். டொயோட்டாவில் தொழிலாளி கயிற்றை இழுத்து உற்பத்தி லைனை நிறுத்துவதும் இதற்காகத்தான்.