பார்வை குறைந்தவருக்கான பொருள்களும் உதவிகளும்: சென்னையில் எங்கிருந்து தொடங்குவது?

வீட்டில் ஒருவருக்குப் பார்வை குறைந்துவிட்டது என்றதும், பதறிப்போய் ஆன்லைனில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிவிடுவார்கள். பெரிய லென்ஸ், பேசும் கடிகாரம், மடக்குக் கோல் என்று வந்து சேரும். பெரும்பாலும் அவை ஒரே மாதத்தில் அலமாரிக்குள் போய்விடும். பொருளில் குற்றம் இருக்காது. அவருடைய கண்ணுக்கும் அவருடைய வேலைக்கும் அது பொருந்தியிருக்காது, அவ்வளவுதான். கீழே உள்ள வரிசையில் போனால் பணமும் மிச்சமாகும், அவருக்கு நம்பிக்கையும் வரும்.

1. தடுமாறும் இடங்களை எழுதுங்கள்

அவரிடமே கேட்டு எழுதுங்கள். "கண் சரியாகத் தெரியவில்லை" என்று எழுதினால் பயனில்லை. "மாத்திரை அட்டையில் பெயர் படிக்க முடியவில்லை", "விளக்கு வைத்த பிறகு படி இறங்கப் பயம்", "ஐந்நூறுக்கும் இருநூறுக்கும் வித்தியாசம் தெரியவில்லை" என்று வேலை வேலையாக எழுத வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் தீர்வு வேறு. இந்தத் தாள் அடுத்த படியில் டாக்டருக்கும் உதவும்.

2. லோ விஷன் பரிசோதனை

"இனி ஆபரேஷனால் பயனில்லை" என்று டாக்டர் சொன்னால் சிகிச்சை முடிந்தது என்றுதான் பொருள். மிச்சமிருக்கும் பார்வையை எப்படிப் பயன்படுத்துவது என்பது தனித் துறை. அதற்கான லோ விஷன் கிளினிக் சங்கர நேத்ராலயாவில் இருக்கிறது. மற்ற பெரிய கண் மருத்துவமனைகளிலும் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். பழைய கண்ணாடி, பழைய சீட்டுகள், அவர் படிக்க ஆசைப்படும் நாளிதழ், மாத்திரை அட்டை, பாஸ்புக் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். பாவையை விரிக்கும் சொட்டு மருந்து போட்ட அன்று, கிட்டத்தில் வைத்துப் படிக்கும் பார்வையைச் சோதிக்க முடியாது. ஆகவே வேறொரு நாளைக் கேட்டு வாங்குங்கள்.

லென்ஸ் விஷயத்தில் அதிகம் பேர் ஏமாறுவது அளவில்தான். அகலமான லென்ஸ்தான் அதிகம் பெரிதாக்கும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் சக்தி கூடக் கூட லென்ஸ் சிறிதாகும், தாளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியும் குறையும். லென்ஸின் சக்தியை டயாப்டர் என்ற அளவில் சொல்வார்கள். 100-ஐ அந்த டயாப்டர் எண்ணால் வகுத்தால் எத்தனை சென்டிமீட்டரில் பிடிக்க வேண்டும் என்று கிடைத்துவிடும். 20 டயாப்டர் லென்ஸ் என்றால் 5 செ.மீ. தான். அதைத் தாளிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் எழுத்து கலங்கும். பிறகு "லென்ஸ் சரியில்லை" என்று மூலையில் போட்டுவிடுவார்கள். லென்ஸைக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டு, தாளைத் தூக்கிக் கிட்டே கொண்டுவரப் பழக்குங்கள். ஒரே பார்வையில் அதிக எழுத்துகள் அகப்படும்.

இன்னொன்று. நடுப்பார்வை மங்கியவருக்குப் பெரிதாக்குவது உதவும். பார்வைப் புலம் குழாய்போலச் சுருங்கியவருக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு சொல்கூட முழுதாக அகப்படாது. அவருக்கு நல்ல வெளிச்சமும் கருப்பு வெள்ளைத் தெளிவும்தான் தேவை. பரிசோதிக்காமல் வாங்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

3. சான்றிதழும் யுடிஐடி அட்டையும்

சலுகைகளுக்குப் பொதுவாக 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு என்ற சான்று வேண்டும். ஒரு கண் முழுதும் போய், மற்றொன்று நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான் வரும். இது தெரியாமல் அலைந்து மனம் உடைபவர்கள் உண்டு. யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து, மருத்துவச் சோதனைக்கு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆதாரில் இனிஷியல் பின்னாலும் மருத்துவச் சீட்டில் முன்னாலும் இருந்தால் தகராறு வரலாம். எல்லாத் தாளிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

4. கையில் இருக்கும் போன்

எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்ல ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் இருக்கிறது, ஐபோனில் வாய்ஸ்ஓவர். இரண்டும் இலவசம். டாக்பேக் ஓடும்போது தொட்டால் பெயர் சொல்லும், இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும், இரண்டு விரலால் தள்ளினால்தான் பக்கம் நகரும். இது தெரியாமல் வீட்டார் "போன் ஸ்டக் ஆகிவிட்டது" என்று கடைக்குக் கொண்டு ஓடுகிறார்கள். இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் பெரும்பாலான போன்களில் அது நிற்கும், மறுபடி அழுத்தினால் தொடங்கும். இந்தக் குறுக்குவழியை செட்டிங்ஸில் முதலிலேயே இயக்கி வையுங்கள். தமிழ்ச் செய்தி வந்தால் மட்டும் போன் மௌனமாகிவிடுகிறதா? தமிழ்க் குரல் இறங்கவில்லை என்று அர்த்தம். குரல் அமைப்புக்குள் போய்த் தமிழைப் பதிவிறக்குங்கள்.

கணினித் திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். பென் டிரைவில் போட்டுக்கொண்டு எந்த விண்டோஸ் கணினியிலும் ஓட்டலாம். ஆனால் பழைய தமிழ்க் கோப்புகளை அது உளறும். பாமினி எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்கு அது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் படிக்கும். கோப்பை யூனிகோடுக்கு மாற்றினால் தெளிவாகப் படித்துவிடும். அவருக்கு நீங்கள் எதை அனுப்பினாலும் யூனிகோடில் அனுப்புங்கள். தாளைப் படம் பிடித்து அனுப்பும் வழக்கத்தையும் விடுங்கள்.

5. தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

மெரினா காமராஜர் சாலையில், மாற்றுத்திறனாளிகள் நல ஆணையரக வளாகத்தில் 'மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்' இருக்கிறது. உதவிக் கருவிகளை அங்கே கையில் எடுத்துப் பார்க்கலாம். அவசரப்படாமல், அரை நாள் ஒதுக்கி, யாருக்காக வாங்குகிறீர்களோ அவரையும் அழைத்துப்போங்கள். பூந்தமல்லியில் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. பயிற்சி, பிரெய்ல், கோல் பற்றியெல்லாம் அங்கே கேட்கலாம்.

வெள்ளைக் கோல் வாங்கும்போது செருப்போடு நிமிர்ந்து நிற்கச் சொல்லி, தரையிலிருந்து நெஞ்செலும்பின் கீழ்நுனி வரை அளவெடுங்கள். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு ஏறத்தாழ 115 செ.மீ. வரும். வேகமாக நடப்பவருக்கு இன்னும் கொஞ்சம் நீளம் வேண்டும். நம் நடைபாதைக் கற்களின் இடுக்கில் மெல்லிய பென்சில் முனை குத்தி நின்றுவிடும், கைப்பிடி வயிற்றில் இடிக்கும். உருளும் முனை நல்லது. மடக்குக் கோல் உடம்பின் பாரம் தாங்காது. முட்டி வலியும் இருக்கும் பெரியவருக்கு ஊன்றுகோல் தனியாக வேண்டும். இதைத் தவறவிட்டால் விழுந்துவிடுவார்.

ஐஐடி டெல்லியில் உருவான ஸ்மார்ட்கேன், சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரித்து 2014-இல் வெளிவந்தது. கோலின் மேல் மாட்டும் கருவி அது. முழங்கால் முதல் தலை வரை உள்ள தடையை 3 மீட்டர் தூரம் வரை ஒலியலையால் உணர்ந்து கையில் அதிரும். தொங்கும் போர்டும் லாரியின் பின்பலகையும் கோலுக்கு அகப்படாது, இதற்கு அகப்படும். பள்ளம் மட்டும் இதற்குத் தெரியாது, அதைக் கோல்நுனிதான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே முதலில் சாதாரணக் கோலில் பயிற்சி.

பிரெய்ல் குழந்தைகளுக்குக் கட்டாயம் கற்றுக்கொடுங்கள். சர்க்கரை நோயால் பார்வை இழந்த பெரியவருக்கு விரல்நுனியின் உணர்வும் குறைந்திருக்கலாம். அவர் புள்ளிகளோடு போராட வேண்டாம், போனில் தொடங்கட்டும்.

6. ரூபாய் நோட்டும் சமையலறையும்

இப்போதைய 100, 200, 500 ரூபாய் நோட்டுகளின் அகலம் ஒன்றே, 66 மி.மீ. நீளம் மட்டும் 142, 146, 150 மி.மீ. இந்த 4 மி.மீ. வித்தியாசத்தைக் கடை வாசலில் விரலால் பிடிப்பது கடினம். ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்படும் கோடுகள் 100-இல் நான்கு, 500-இல் ஐந்து. 200-இல் நான்கு கோடும் நடுவே இரண்டு வட்டமும். கசங்கிய நோட்டில் இவை தேய்ந்திருக்கும். ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்ட 'மணி' (MANI) என்ற செயலி நோட்டைக் கேமராவில் பார்த்து மதிப்பைச் சொல்லும், இணையம் வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து நோட்டை வகைவகையாக மடித்து வைத்துக்கொண்டு கிளம்புவது இன்னும் நிம்மதி.

சமையலறைக்குப் பெரிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். அடுப்பின் திருகில், அணைந்த நிலைக்கு நேராக ஒரு சொட்டு நெயில் பாலிஷ், காய்ந்ததும் அதன் மேல் இன்னொரு சொட்டு. விரலுக்குத் தட்டுப்படும். காலை மருந்துப் புட்டிக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவு மருந்துக்கு இரண்டு. வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு தெரியாது, அடர்நிறத் தட்டுக்கு மாற்றுங்கள்.

7. படிப்பும் பயணமும்

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு உண்டு. 2016-இல் தொடங்கிய சுகம்யா புஸ்தகாலயா இணைய நூலகத்தில் கேட்டுப் படிக்கும் வடிவத்தில் நூல்கள் கிடைக்கும். பார்வையை முழுதும் இழந்தவருக்கு ரயிலில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி வகுப்புகளில் 75 சதவீதச் சலுகை. துணைக்கு வரும் ஒருவருக்கும் அதே சலுகை. மருத்துவச் சான்று ரயில்வேயின் படிவத்தில் இருக்க வேண்டும்.

8. பேசும் கருவி வாங்கும்போது

குரல் எந்த மொழியில் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். மின்விசிறி ஓடும் அறையில் அது காதில் விழ வேண்டும். சர்க்கரை பார்க்கும் கருவியானால், அதன் ஸ்ட்ரிப் உங்கள் தெரு மருந்துக் கடையில் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.