ஏழே எழுத்துகளில் நீளமான ஆங்கிலச் சொற்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

நியூயார்க் டைம்ஸ் 2018 முதல் இணையத்தில் தரும் ‘ஸ்பெல்லிங் பீ’ புதிரை நீங்களும் பார்த்திருக்கலாம். தேன்கூடு மாதிரி ஏழு எழுத்துகள் இருக்கும். நடுவில் உள்ள எழுத்து ஒவ்வொரு சொல்லிலும் கட்டாயம் வர வேண்டும். சொல்லில் குறைந்தது 4 எழுத்துகள் வேண்டும், ஒரே எழுத்தை எத்தனை முறையும் பயன்படுத்தலாம். 4 எழுத்துச் சொல்லுக்கு 1 மதிப்பெண்தான். அதைவிட நீண்டால் எழுத்துக்கு ஒன்று. ஏழு எழுத்துகளும் வந்துவிட்டால் அது ‘பான்கிராம்’, கூடுதலாக 7 மதிப்பெண் கிடைக்கும். ஆகவே நீளமான சொற்களைப் பிடிக்கத் தெரிந்தவருக்கே இந்த ஆட்டத்தில் லாபம்.

ஆங்கிலம் அதிகம் படித்தவர்களால்தான் இது முடியும் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது தேவையே இல்லை. நீளமான சொற்களில் பெரும்பாலானவை சின்னத் துண்டுகளை ஒட்டிச் செய்தவைதான். துண்டுகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

பயிற்சிக்கு நானே ஓர் ஏழு எழுத்துகளை எடுத்துக்கொள்கிறேன்: சி, இ, எச், ஐ, என், ஆர், ஜி. நடு எழுத்து ஜி. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எழுத்துகளை வட்டமாக எழுதுங்கள்

வரிசையாக எழுதினால் கண் அந்த வரிசையிலேயே சிக்கிக்கொள்ளும். வட்டமாக எழுதி, உயிர் எழுத்துகளைத் தனியாகச் சுழியுங்கள். இங்கே இரண்டே இரண்டு: இ, ஐ.

படி 2: வாலைப் பிடியுங்கள்

எல்லோரும் சொல்லின் முதலெழுத்தில் இருந்து தேடுவார்கள். நீங்கள் கடைசியில் இருந்து வாருங்கள். ஐ-என்-ஜி மூன்றும் கையில் இருக்கின்றன, அதாவது ‘இங்’ என்ற வால். அதைத் தாளின் வலது ஓரத்தில் எழுதி, முன்னால் வரக்கூடிய வினைச்சொல்லைத் தேடுங்கள். சி, எச், இ, ஆர் மிச்சம். உற்சாகப்படுத்துவதற்கு என்ன சொல்வோம்? சியர்! அதில் இ இரண்டு முறை வரும், தாராளமாகப் போடலாம். சி-எச்-இ-இ-ஆர்-ஐ-என்-ஜி, சியரிங். 8 எழுத்து, ஏழும் வந்துவிட்டன. 8-உம் 7-உம் சேர்த்து 15 மதிப்பெண்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ‘சியர்’ என்று மட்டும் எழுதினால் செல்லாது, நடு எழுத்தான ஜி அதில் இல்லை. வால் சேர்ந்த பிறகுதான் உள்ளே வருகிறது. அதனால் நடு எழுத்து இல்லாத சொல்லையும் தாளில் குறித்து வையுங்கள், தூக்கிப் போடாதீர்கள்.

படி 3: தலையையும் ஒட்டிப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ‘ரிச்’ என்ற சின்னச் சொல்லை எடுங்கள். முன்னால் இ-என் சேர்த்தால் ‘என்ரிச்’, வளப்படுத்து. பின்னால் ‘இங்’ சேர்த்தால் ‘என்ரிச்சிங்’. 9 எழுத்து, இதுவும் பான்கிராம், 16 மதிப்பெண். நாலெழுத்துச் சொல் ஒன்று தலையும் வாலும் வைத்ததும் இரண்டு மடங்குக்கு மேல் வளர்ந்துவிட்டது, பாருங்கள்.

இந்த வித்தை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் ‘அன்காப்பிரைட்டபிள்’. 15 எழுத்துகள், ஓர் எழுத்துகூட இரண்டாம் முறை வராது. அன், காப்பி, ரைட், ஏபிள் என்று பிரித்தால் நான்குமே நமக்குத் தெரிந்தவைதான்.

படி 4: எழுத்துகளைத் திரும்பப் பயன்படுத்துங்கள்

புதிதாக ஆடுகிறவர்கள் ஓர் எழுத்தை ஒரு முறை பயன்படுத்தியதும் மனத்தில் அடித்துவிடுகிறார்கள். நம் ஊரில் வீட்டுக்கு வீடு புழங்கும் ‘இன்ஜினியரிங்’ இந்த ஏழு எழுத்துகளுக்குள் ஒளிந்திருக்கிறது. இ-என்-ஜி-ஐ-என்-இ-இ-ஆர்-ஐ-என்-ஜி: ஐந்தே எழுத்துகள் மாறி மாறி வந்து 11 எழுத்துச் சொல்லாகின்றன. தமிழில் எழுதினால் ஏழெழுத்து என்பதால் இது இவ்வளவு நீளம் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை.

‘இங்’ சேரும்போது சில வினைகளின் கடைசி மெய் இரட்டிக்கும், அதையும் மறக்காதீர்கள். ‘கிரின்’ என்றால் பல்லைக் காட்டிச் சிரிப்பது. அது ‘கிரின்னிங்’ ஆகும்போது என் இரண்டாகும்.

படி 5: காதை நம்பாதீர்கள்

நாம் ஒலியை வைத்து யோசித்துப் பழகியவர்கள். ஆங்கிலத்திலோ ஒலிக்காத எழுத்துகள் நிறைய. அரசாளுதல் என்ற பொருள் தரும் ‘ரெய்ன்’ என்ற சொல்லில் என்-னுக்கு முன் ஒரு ஜி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். ‘ரெய்னிங்’ 8 எழுத்து. ஜி-என், சி-எச், இ-இ, இ-ஐ போன்ற ஜோடிகளைத் தாளின் ஓரத்தில் எழுதிவைத்து, ஒவ்வொன்றையும் கண்ணால் தேடுங்கள்.

படி 6: கடைசியாகக் கருவி

முடிந்தவரை முயன்ற பிறகு ‘ஒன்லுக்’ தளத்துக்குப் போகலாம். அங்கே ? என்பது ஓர் எழுத்துக்கும், * என்பது எத்தனை எழுத்துகளுக்கும் பதிலாக நிற்கும். சி-எச் போட்டு, * போட்டு, ஐ-என்-ஜி போட்டால் அப்படித் தொடங்கி அப்படி முடியும் சொற்கள் வரிசையாக வரும். ஆனால் முதலிலேயே அங்கே போய்விட்டால் துண்டுகளை ஒட்டும் பழக்கம் வராது.

வேறு எழுத்துகள் கிடைக்கும்போது வேறு வால்கள் உதவும்: ‘ஷன்’, ‘மென்ட்’, ‘நெஸ்’, ‘ஏபிள்’. ‘நெஸ்’ மட்டும் ஸ்பெல்லிங் பீயில் வராது, ஏனென்றால் அங்கே எஸ் எழுத்தே கிடையாது.

சரி, இப்போது உங்கள் முறை. அதே ஏழு எழுத்துகள், நடுவில் ஜி. ஐ-சி என்ற வாலில் முடியும் 7 எழுத்துச் சொல் ஒன்று இருக்கிறது. மருந்துக்கடையில், விலை குறைவாக வேண்டும் என்று கேட்கும்போது அதைச் சொல்லியிருப்பீர்கள்.